கர்னலின் சாவி யாரிடம்?

செம்பூரில் தமிழன்பர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



இந்த அரங்கிலிருந்து அணுசக்தி நகர் அதிகத் தொலைவில்லை. இந்திய அணுமின் கழகத்தின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. அந்தக் கழகத்திலும், பக்கத்து டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் வாழ்நாளெல்லாம் உழைத்து ஓய்வுபெற்ற தமிழர்கள் செம்பூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறீர்கள். ஆகவே நான் தொடங்கப்போகும் செய்தி உங்களில் சிலருக்கு என்னைவிட நெருக்கமானது.

2019 செப்டம்பர் 4ஆம் தேதி, மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், அணுமின் கழகத்துக்கு ஒரு தகவல் சொன்னது: உங்கள் கணினி ஒன்றில் வேவு நிரல் புகுந்திருக்கிறது. ஊருக்கு இது தெரியவந்தது அக்டோபர் கடைசியில். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் பெயரை வயிற்றுக்குள் வைத்திருந்த டிட்ராக் என்ற நிரல் ஒன்று ஆய்வாளர்கள் கண்ணில் பட்டது. அக்டோபர் 29ஆம் தேதி கூடங்குளம் நிலையம் மறுப்பு வெளியிட்டது. எங்கள் கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி வலையமைப்போடு தொடர்பே இல்லாதவை, அவற்றைத் தாக்க வழியில்லை என்றது. மறுநாளே மும்பைத் தலைமையகம் அறிக்கை விட்டது. நிரல் புகுந்தது உண்மைதான். புகுந்த கணினி நிர்வாக வேலைக்கானது, இணையத்தோடு இணைந்தது. உலை சார்ந்த உள்வலையமைப்பு அதிலிருந்து பிரிக்கப்பட்டது என்று விளக்கியது.

தாராவியில் மூன்று நான்கு தலைமுறையாக வாழும் குடும்பங்களில் எத்தனையோ பேருக்குத் திருநெல்வேலிச் சீமைதான் சொந்த ஊர். கூடங்குளம் அவர்களுக்கு ஊர்ப்பக்கம். உலைக்கு ஏதாவது ஆகியிருக்குமா என்று அன்று பதறியவர்கள் பலர், அது நியாயமான பதற்றம். என் மனத்தில் மட்டும் வேறொரு கேள்வி தங்கிவிட்டது. அந்த ஒரு கணினியில், நிறுவனத்தில் யாருமே ஒப்புதல் தராத ஒரு நிரல் எப்படி ஓட முடிந்தது?

விடை சங்கடமானது. நம் கணினிகள் பெரும்பாலும் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன. எந்த நிரல் வந்தாலும் ஓட்டும். யார் எழுதியது என்று கேட்பதில்லை. கேட்கும் வழக்கம் ஒரே ஓர் இடத்தில்தான் வேரூன்றியிருக்கிறது. இயங்குதளத்தின் நடுநாயகமான கர்னலின் வாசல் அது. அந்த வாசலைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

கணினித் துறையில் இல்லாதவர்களுக்காக ஒரு சொசைட்டிக் கட்டடத்தை வைத்துச் சொல்கிறேன். ஃபிளாட்டுக்குள் அவரவர் இஷ்டம். சமைக்கலாம், பாட்டுப் போடலாம், சுவரில் ஆணி அடிக்கலாம். பம்ப் அறைக்கும் மீட்டர் அறைக்கும் மட்டும் யாரும் நினைத்தபடி போக முடியாது. அங்கே ஒருவர் தப்பு செய்தால் நூறு வீட்டுக்கும் தண்ணீர் நிற்கும், மின்சாரம் போகும். நீங்கள் தட்டச்சு செய்யும் நிரல், பாட்டுக் கேட்கும் நிரல் எல்லாம் ஃபிளாட்டுக்குள் நடப்பவை. கர்னல் பம்ப் அறை. நினைவகத்தின் எந்தப் பக்கத்தை யார் படிக்கலாம், வட்டில் எதை எங்கே எழுதலாம், எந்த நிரல் உயிரோடு இருக்கலாம் என்பதையெல்லாம் முடிவு செய்வது அதுதான். கர்னலுக்குள் நுழைந்துவிட்ட நிரல் வைரஸ் தடுப்பு மென்பொருளின் கண்ணையும் கட்டிவிடும்.

அதற்குள் வெளி நிரல் ஏன் போக வேண்டும் என்று கேட்பீர்கள். கிராஃபிக்ஸ் கார்டு, வைஃபை சில்லு என்று பல கருவிகளோடு பேசும் டிரைவர்கள் அங்கே உட்கார்ந்துதான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் நிர்வாகிக் கடவுச்சொல் தெரிந்த யாரும் எந்த டிரைவரையும் உள்ளே ஏற்றலாம். 2005இல் சோனி பிஎம்ஜி தன் இசைக் குறுந்தகடுகளில் நகல் தடுப்பு நிரல் ஒன்றை வைத்தது. குறுந்தகட்டைக் கணினியில் போட்டவர்களின் கர்னலுக்குள் அது போய் உட்கார்ந்து, குறிப்பிட்ட எழுத்துகளில் தொடங்கும் கோப்புகளையெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தது. பாட்டுக் கேட்கப் போனவன் தன் இயந்திரத்தின் மீதிருந்த ஆளுகையையே இழந்தான். பிற வேவு நிரல்களும் அதே மறைப்புக்குள் ஒண்டிக்கொண்டன.

இதற்கு மாற்றாக வந்ததுதான் கையொப்பக் கட்டாயம். விண்டோஸ் விஸ்டாவின் 64 பிட் பதிப்பு, கையொப்பம் இல்லாத டிரைவரைக் கர்னலுக்குள் விட மறுத்தது. இன்னோர் இயங்குதளமான லினக்ஸ் 2012 டிசம்பரில் வந்த 3.7 பதிப்பில், கர்னலில் செருகும் துண்டு நிரல்களான மாட்யூல்களுக்குக் கையொப்பம் சரிபார்க்கும் வசதியைச் சேர்த்தது.

கையொப்பம் என்றால் பேனாவால் போடுவதல்ல. முதலில் நிரல் கோப்பு முழுவதையும் ஒரு கணிதச் சல்லடையில் சலித்து 256 பிட் நீளமுள்ள ஓர் எண்ணைப் பெறுகிறோம். கோப்பு பத்துப் பக்கமோ பத்தாயிரம் பக்கமோ, விடை எப்போதும் அதே நீளம். கோப்பில் ஒரே ஒரு பிட்டை மாற்றினால்கூட அந்த எண் அடையாளம் தெரியாமல் மாறிப்போகும். பிறகு அந்த எண்ணை, நிரல் எழுதியவர் தன்னிடம் மட்டுமே உள்ள தனிச்சாவியால் முத்திரையிடுகிறார். உலகத்துக்குக் கொடுக்கப்பட்ட அவருடைய பொதுச்சாவியை வைத்துக்கொண்டு கர்னல் இரண்டு விஷயங்களைச் சோதிக்கிறது: முத்திரை அந்தத் தனிச்சாவியால் இடப்பட்டதுதானா, இட்ட பிறகு கோப்பில் ஒரு பிட்டாவது மாறியிருக்கிறதா? அந்தச் சோதனை இம்மியும் பிசகாது. கணிதத்தில் ஓட்டை தேடிப்போனவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள். ஓட்டை மனிதர்கள் பக்கம் இருந்தது.

2010 ஜூனில் பெலாரஸ் நாட்டின் சிறு பாதுகாப்பு நிறுவனம் ஒன்று ஸ்டக்ஸ்நெட்டைக் கண்டுபிடித்தது. ஈரானின் நதன்ஸ் நகரில் யுரேனியம் செறிவூட்டும் சுழல் இயந்திரங்களைக் கெடுக்க எழுதப்பட்ட நிரல் அது. பரவலில் ஈரானுக்கும் இந்தோனேசியாவுக்கும் அடுத்தபடியாக அதிகம் அகப்பட்டது இந்தியா. அதன் டிரைவர்களில் இருந்த கையொப்பம் ரியல்டெக் நிறுவனத்தினுடையது. நம் வீட்டுக் கணினிகளில் ஒலிக்கும் வலையமைப்புக்கும் சில்லு செய்து கொடுக்கிற அதே தைவான் நிறுவனம்தான். அந்தக் கையொப்பத்துக்கு அத்தாட்சியான சான்றிதழ் ஜூலை 16ஆம் தேதி ரத்து செய்யப்பட்டது. அடுத்த நாளே அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு டிரைவர் அகப்பட்டது, இம்முறை ஜேமைக்ரான் நிறுவனத்தின் கையொப்பத்தோடு. இரண்டு நிறுவனங்களும் ஷின்சூ அறிவியல் பூங்காவில்தான் இருக்கின்றன. யார் எப்படி அந்தச் சாவிகளை எடுத்தார்கள் என்று யூகங்கள் பல உண்டு, யூகங்களை நான் இங்கே அடுக்கப் போவதில்லை. விண்டோஸ் தன் கடமையைச் சரியாகவே செய்தது என்பதை மட்டும் கவனியுங்கள். முத்திரையைச் சோதித்தது, முத்திரை உண்மையானது, கதவைத் திறந்தது.

சாவி திருடுவது கடினம். எனவே பின்னால் வந்தவர்கள் அதைவிட எளிய வழியைக் கண்டுபிடித்தார்கள். நல்ல நிறுவனம், நல்ல நோக்கத்தோடு எழுதி, முறையாகக் கையொப்பமிட்ட டிரைவர் ஒன்றை எடுத்துக்கொள்வது. அதில் பிழை இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த டிரைவரைத் தாங்களே சுமந்துகொண்டு வந்து, பாதிக்கப்பட்டவரின் கணினியில் ஏற்றி, அதன் பிழை வழியாகக் கர்னலுக்குள் இறங்குவது. டெல் கணினிகளோடு 2009 முதல் கோடிக்கணக்கில் போன டிரைவர் ஒன்றில் அப்படி ஒரு பிழை 2021இல் வெளியானது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் லாசரஸ் என்ற ஊடுருவல் குழு அந்த டிரைவரைக் கொண்டுவந்து, நெதர்லாந்தில் விண்வெளித் துறை ஊழியர் ஒருவரையும் பெல்ஜியத்தில் அரசியல் செய்தியாளர் ஒருவரையும் தாக்கியதாக ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அடுத்த ஆண்டு எழுதினார்கள். கர்னலுக்குள் போனதும் அவர்கள் செய்த முதல் வேலை, பாதுகாப்பு மென்பொருள்கள் எதன் வழியாகவெல்லாம் கணினியைக் கண்காணிக்கின்றனவோ அந்தக் கண்களை ஒவ்வொன்றாக மூடியது. லாசரஸ் என்ற பெயரை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். கூடங்குளத்தில் அகப்பட்ட டிட்ராக் நிரலைக் காஸ்பர்ஸ்கை ஆய்வாளர்கள் இணைத்துச் சொன்னதும் இதே குழுவோடுதான்.

இப்படிப்பட்ட பிழை டிரைவர்களுக்குத் தடைப்பட்டியல் உண்டு. ஆனால் விண்டோஸ் 10 இயந்திரங்கள் பலவற்றுக்கு அந்தப் பட்டியல் ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கப்படாமலே கிடந்தது என்பது 2022இல்தான் வெளிப்பட்டது. அந்த ஆண்டு வந்த விண்டோஸ் 11 பதிப்பில்தான் அது எல்லோருக்கும் இயல்பாகவே இயக்கப்பட்டது. கையொப்பம் தருவதற்கு இருந்த அக்கறை, தந்ததைத் திரும்பப் பெறுவதற்கு இல்லை. எனக்கு இதில் வருத்தம் மட்டுமல்ல, கோபமும் உண்டு. கொடுத்த ஒப்புதலைப் பறிக்க முடியாதவர் ஒப்புதல் கொடுக்கும் நாற்காலியில் உட்காரக் கூடாது.

சாவியை எப்படி வைத்திருக்கிறோம் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. மாட்டுங்காவிலும் ஃபோர்ட்டிலும் ஆடிட்டர் அலுவலகங்களுக்குப் போயிருக்கிறீர்கள். மேசை டிராயரைத் திறந்தால் யுஎஸ்பி டோக்கன்கள் இருபது முப்பது கிடக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கம்பெனி டைரக்டரின் பெயர் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருக்கும், சிலவற்றில் அதே ஸ்டிக்கரில் பின் எண்ணும் இருக்கும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அந்த டோக்கனில் இருப்பது அவருடைய கையொப்பம். வருமான வரிக் கணக்கும் கம்பெனி பதிவாளருக்கான படிவங்களும் அந்த டோக்கனால்தான் போகின்றன, டைரக்டர் அப்போது ஊரிலேயே இல்லாமல் இருக்கலாம். யாரையும் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. நெருக்கடி நேரத்தில் வேலை ஓட வேண்டுமென்றால் மனிதர்கள் இப்படித்தான் செய்வார்கள். பெரிய நிறுவனங்களிலும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள். 2022இல் என்விடியாவின் கையொப்பச் சான்றிதழ்கள் இரண்டு களவுபோய் வெளியே வந்தன. இரண்டும் காலாவதியானவை. இருந்தும் பழைய டிரைவர்களுக்காக விண்டோஸ் வைத்திருந்த விதிவிலக்கைப் பயன்படுத்தி, அவற்றால் முத்திரையிட்ட தீய நிரல்கள் கர்னலுக்குள் போயின. 2024 ஜூலையில் பைனார்லி நிறுவனத்தார் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். பல பிரபல நிறுவனங்களின் நூற்றுக்கணக்கான கணினி மாடல்களில், தொடக்கக் கட்டத்தைக் காக்கும் ஆகத் தலைமையான சாவியாக, சோதனைக்காகக் கொடுக்கப்பட்ட மாதிரிச் சாவியே தொழிற்சாலையிலிருந்து வெளியே போயிருக்கிறது. அந்தச் சாவியின் பெயரிலேயே ‘நம்ப வேண்டாம்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஒருவரும் படிக்கவில்லை.

நம் அரசாங்கமும் இந்தப் பாடத்தைக் கடந்து வந்திருக்கிறது. 2014 ஜூலை 2ஆம் தேதி, கூகுளின் தளங்களுக்கு அது கேட்காமலே வழங்கப்பட்ட சான்றிதழ்கள் சில இணையத்தில் உலவுவதைக் கூகுள் கவனித்தது. வழங்கியது தேசியத் தகவலியல் மையத்தின் சான்றிதழ்ப் பிரிவு. அதற்கு மேலே நின்று உத்தரவாதம் தந்தது இந்தியச் சான்றளிப்பு அதிகாரிகளின் கட்டுப்பாட்டாளர் அலுவலகம். அந்த அலுவலகத்தின் வேர்ச்சான்றிதழ் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருந்ததால் உலகத்து விண்டோஸ் கணினிகள் எல்லாம் அதை நம்பின. மறுநாளே சான்றிதழ்கள் ரத்தாயின. சான்றிதழ் வழங்கும் முறையே ஊடுருவப்பட்டதாகக் கட்டுப்பாட்டாளர் விளக்கினார். கூகுள் அத்தோடு விடவில்லை. இந்திய வேர்ச்சான்றிதழை இனிச் சில இந்தியப் பெயர்களுக்கு மட்டுமே ஏற்போம் என்று வரம்பு கட்டியது. அரசுத் தளங்கள், கல்வித் தளங்கள், ரிசர்வ் வங்கி என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு நாட்டின் முத்திரை எது வரை செல்லும் என்பதை ஒரு நிறுவனம் தீர்மானித்தது. அந்த நேரத்தில் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனாலும் அப்படித் தீர்மானிக்கும் இடத்தில் நாம் இல்லையே என்பது உறுத்தாமல் இல்லை.

இனி உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும் நாளுக்கு வருகிறேன். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. காலை 9:39க்கு கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு புதுக் கோப்பை அனுப்பியது. 10:57க்குத் தவறு தெரிந்து திரும்பப் பெற்றது. அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் உலகம் முழுதும் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு விழுந்தன என்பது மைக்ரோசாஃப்ட் தந்த கணக்கு. நம் விமான நிலையத்தில் இண்டிகோ, ஆகாசா கவுன்டர்களில் வரிசை வாசல் வரை நீண்டது. போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். நம் வங்கிகளில் பெரும்பாலானவை தப்பின. 10 வங்கி, நிதி நிறுவனங்களில் மட்டும் சிறு தடங்கல் என்று ரிசர்வ் வங்கி சொன்னது.

இங்கே நான் காட்ட விரும்புவது ஒன்று உண்டு. விழுந்த டிரைவர் கள்ளத்தனமாக நுழைந்ததல்ல. மைக்ரோசாஃப்டின் பரிசோதனையில் தேறி, அதன் கையொப்பம் பெற்ற டிரைவர். அன்று மாறியது டிரைவர் இல்லை, அது படிக்கும் ஒரு தரவுக் கோப்பு. சேனல் ஃபைல் 291 என்று பெயர். புதுத் தாக்குதல்களை எப்படி அடையாளம் காண்பது என்ற குறிப்புகள் அதில் இருக்கும். அந்தக் குறிப்பு 21ஆவது உள்ளீட்டை எதிர்பார்த்தது, டிரைவர் கொடுத்ததோ 20. இல்லாத இருபத்தோராவதைத் தேடி அது நினைவகத்தில் தனக்கு உரிமையில்லாத இடத்தைப் படிக்கப் போனது. கர்னலுக்குள் அப்படி ஒரு கால் தவறினால் மொத்த இயந்திரமும் நிற்கும். கையொப்பம் சோதித்தது டிரைவரை. டிரைவரை நடத்தும் குறிப்புகள் அன்றாடம் பின்கதவு வழியாக வந்துகொண்டிருந்தன. முத்திரையிட்ட நிரல் வெளியிலிருந்து வரும் கட்டளைகளைப் படித்து நடக்குமென்றால், முத்திரை உண்மையில் எதற்கு?

அந்த வார இறுதியில் ஐடி துறைப் பிள்ளைகள் தூங்கவில்லை. ஒவ்வொரு இயந்திரத்தையும் பாதுகாப்பு முறையில் துவக்கி, அந்தக் கோப்பைத் தேடி அழிக்க வேண்டும். வட்டு பிட்லாக்கரால் பூட்டியிருந்தால் முதலில் மீட்புச் சாவியைத் தட்டச்சு செய்ய வேண்டும். 48 இலக்கம், ஆறாறாக எட்டுத் தொகுதி. கிளை அலுவலகத்தில் இருப்பவரிடம் ஃபோனில் ஒவ்வோர் இலக்கமாகப் படித்துக் காட்டி, அவர் ஒன்றைத் தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து. சில நிறுவனங்களில் அந்தச் சாவிகளைச் சேமித்த சர்வரே நீலத்திரையோடு கிடந்தது. சாவி எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி அன்று காலை பலருக்கு முதல் முறையாக வந்தது.

ஒரு நல்ல விளைவு, கர்னலுக்குள் கூட்டம் குறைய வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. ஆப்பிள் 2019இலேயே டிரைவர்களைக் கர்னலுக்கு வெளியே நகர்த்தத் தொடங்கியிருந்தது. மைக்ரோசாஃப்டும் 2024 நவம்பரில், வைரஸ் தடுப்பு மென்பொருள்களைக் கர்னலுக்கு வெளியிலிருந்து இயக்க வழி செய்வதாக அறிவித்தது. உள்ளே விடுபவரின் முத்திரையைச் சோதிப்பதைவிட, உள்ளே போக வேண்டிய அவசியத்தையே குறைப்பது மேல் என்பது என் கட்சி.

சாவியின் உரிமை பற்றிய சண்டை லினக்ஸ் உலகத்தில்தான் வெளிப்படையாக நடந்தது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது, செக்யூர் பூட் என்ற பூட்டோடு கணினிகள் கடைக்கு வந்தன. இயந்திரம் உயிர்பெறும் நொடியிலேயே முத்திரை சோதிக்கப்படும். அந்தக் கணினிகளில் இருந்த பொதுச்சாவிகள் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டினுடையவை. எனவே லினக்ஸ் தொடங்க வேண்டுமென்றால் முதல் படியாக ஷிம் என்ற சிறு நிரலுக்கு மைக்ரோசாஃப்டிடம் முத்திரை வாங்க வேண்டியிருந்தது. 2013 பிப்ரவரியில், மைக்ரோசாஃப்ட் முத்திரையிட்ட கோப்பு வழியாகவே கர்னலுக்குப் புதுச் சாவிகளைச் சேர்க்கும் யோசனையை ரெட் ஹேட் நிறுவனப் பொறியாளர் ஒருவர் முன்வைத்தார். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாக மறுத்துவிட்டார். எந்தச் சாவியை நம்புவது என்பதை இயந்திரத்தின் சொந்தக்காரர் முடிவு செய்ய வேண்டும் என்பது அவர் நிலை. ஷிம் அதற்கு ஒரு வழியும் வைத்தது. உங்கள் சாவியை நீங்களே உருவாக்கி, பதிவு செய்யச் சொல்லிவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்தால், இயங்குதளம் ஏறுவதற்கு முன்பே ஒரு நீலத்திரை வந்து கடவுச்சொல்லைக் கேட்கும். கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் மட்டுமே அதைத் தட்டச்சு செய்ய முடியும். தொலைவிலிருந்து வரும் திருடனுக்கு அந்த வழியில்லை. எளிமையான ஏற்பாடு, ஆனால் சரியான ஆளிடம் அதிகாரத்தைக் கொடுக்கிறது.

நிர்வாகிக்கும் கர்னலுக்கும் நடுவே சுவர் எழுப்பும் லாக்டவுன் வசதி லினக்ஸில் நுழைய மேலும் பல ஆண்டுகள் பிடித்தன, 2019இன் 5.4 பதிப்பில்தான் ஏற்கப்பட்டது. அது இயங்கும்போது, ரூட் அதிகாரம் உள்ளவர்கூட நினைவகத்தில் நேரே எழுத முடியாது, முத்திரையில்லாத மாட்யூலை ஏற்ற முடியாது, முத்திரையில்லாத கர்னலுக்குத் தாவ முடியாது. அதற்குப் பிறகும் ஒரு வாசல் திறந்தே இருந்தது. கர்னலுக்குள் சிறு நிரல்களைப் பறக்கும்போதே செருகும் ஈபிபிஎஃப் என்ற வசதி. பெரிய தரவு மையங்கள் வலைப்போக்குவரத்தைக் கண்காணிக்க இதைத்தான் நம்புகின்றன. இவற்றுக்கு முத்திரையிடுவது ஏன் கடினமென்றால், ஏற்றும் நேரத்தில் அந்தந்தக் கர்னலின் அமைப்புக்குத் தக்கபடி நிரலின் கட்டளைகளே திருத்தப்படுகின்றன. திருத்திய பிறகு முத்திரை பொருந்தாது. திருத்தும் வேலையையும் முத்திரையிட்ட ஒரு சிறு நிரலாகவே கர்னலுக்குள் நடத்துவது என்று வழி கண்டு, 2025இல் அதைச் சேர்த்தார்கள். தாராவியில், செம்பூரில் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகள் யாராவது இங்கே இருந்தால், அந்த விவாதத்தைத் தேடிப் படியுங்கள். பாடப்புத்தகத்தில் கிடைக்காத கல்வி அது.

இத்தனை நேரம் பேசியது சர்வர்களையும் அலுவலகக் கணினிகளையும் பற்றி. நம்மில் பெரும்பாலோருக்குக் கணினி என்பது கைப்பேசிதான். தாராவி 90 அடி சாலையில் ஒரு கைப்பேசிக் கடைக்காரர் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஹீட் கன்னைக் காட்டித் திரையின் பசையை இளக்குவார், நகத்தளவு பிளாஸ்டிக்கைச் செருகிப் பின்மூடியைக் கழற்றுவார், பேட்டரியை மாற்றுவார். அது கைவேலை, அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. மென்பொருள் வேலைக்கு வந்தால்தான் கை கட்டப்படுகிறது. நிறுவனம் கைகழுவிவிட்ட ஒரு பழைய போன். பாதுகாப்புத் திருத்தம் வந்து வருஷங்கள் ஆகின்றன. போனைத் துவக்கும் நிரலான பூட்லோடரின் பூட்டைத் திறந்து, இந்த மாதத் திருத்தங்கள் வரை சேர்ந்த ஒரு திறந்தமூல ஆண்ட்ராய்டை ஏற்றித் தருகிறார். இயந்திரம் புதிதுபோல ஓடுகிறது. ஆன் செய்யும்போதெல்லாம், இந்தக் கருவியை நம்ப முடியாது என்று எச்சரிக்கை வரும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். யுபிஐ செயலியோ பல சமயம் திறக்கவே மறுக்கும். மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாந்த்ரா குர்லா வளாகத்தில் யுபிஐயை நடத்தும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் அலுவலகம் இருக்கிறது. இந்தப் பக்கம் வடை விற்கும் அக்காவுக்குக் காசு வரும் வழி அடைபடுகிறது.

வங்கிகளின் பயம் பொய்யல்ல. ரூட் செய்த, அதாவது நிர்வாகி அதிகாரம் திறந்துவிடப்பட்ட போனில் தீய நிரல் கர்னல் வரை போய், செயலியின் நினைவகத்தைப் படிக்கலாம். ரிசர்வ் வங்கி 2021 பிப்ரவரியில் வெளியிட்ட டிஜிட்டல் பணப்பட்டுவாடா விதிகளிலும், ரூட் செய்த போன்களைத் தடுப்பது பற்றிய பேச்சு உண்டு. நான் தடையை எதிர்க்கவில்லை, தடையின் அளவுகோலைத்தான் எதிர்க்கிறேன். பல ஆண்டுகளாகத் திருத்தமே காணாத, அறியப்பட்ட ஓட்டைகள் நிறைந்த போன், தொழிற்சாலை முத்திரை அப்படியே இருப்பதால் பல செயலிகளில் தேறிவிடுகிறது. எல்லா ஓட்டையும் அடைத்த போன் தோற்கிறது. சோதனை கேட்பது ‘இது பாதுகாப்பானதா’ என்று இல்லை, ‘இது கம்பெனி கொடுத்தபடியே இருக்கிறதா’ என்று. கூகுளின் பிக்சல் போன்களில் பூட்லோடரைத் திறந்து, வேறு இயங்குதளத்தை ஏற்றி, அதன் சாவியைப் பதிந்து, மறுபடி பூட்டிவிடலாம். அதன் பிறகு அந்தச் சாவியின் முத்திரை இல்லாத எதுவும் துவங்காது. பூட்டும் உறுதி, சாவியும் சொந்தக்காரர் தேர்ந்தது. ஒரு நிறுவனம் செய்ய முடிந்ததை மற்றவர்களும் செய்யலாம். நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. கைப்பேசி அதன் நான்கு துறைகளில் ஒன்று. உதிரிப் பாகம், கையேடு என்பதோடு நில்லாமல், ஆதரவு முடிந்த போனின் பூட்டில் சொந்தக்காரர் தன் சாவியைப் பதியும் உரிமையும் அந்தப் பேச்சில் சேர வேண்டும். தொழில் செய்பவர்கள் நம் ஆட்கள். கேட்க வேண்டியது நாம்தான்.

கூடங்குளம் பற்றிக் கேட்ட கேள்விக்கு இப்போது நேர்மையாகப் பதில் சொல்கிறேன். கர்னல் வாசலில் எவ்வளவு கெடுபிடி இருந்தாலும் டிட்ராக்கைத் தடுத்திருக்காது. அது கர்னலுக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை. உலாவியின் வரலாறு, இயங்கும் நிரல்களின் பட்டியல், வட்டில் உள்ள கோப்புகளின் பெயர்கள், விசைப்பலகையில் தட்டிய எழுத்துகள் ஆகியவற்றைத் திரட்ட, அந்த ஊழியரின் சாதாரண அனுமதியே போதும். அதைத் தடுக்கக்கூடியது இன்னொரு வாசல். நிறுவனம் தானே முத்திரையிட்ட, அல்லது தானே ஏற்றுக்கொண்ட நிரல்களைத் தவிர வேறெதுவும் ஓடவே கூடாது என்ற ஏற்பாடு. விண்டோஸில் அதற்கு வசதி உண்டு, லினக்ஸிலும் உண்டு. பரவலாகப் பயன்படுத்துவதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு புது நிரலுக்கும் யாராவது பொறுப்பேற்று ஒப்புதல் தர வேண்டும், ஊழியர்கள் முணுமுணுப்பார்கள். அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி, மின்வாரியக் கணினி, மருத்துவமனைக் கணினி ஆகியவற்றில் அந்த முணுமுணுப்பைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். அங்கே வேலை பார்க்கும் உங்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, நடைமுறைக் காரியம். 2011இல் மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய செக்யூர் பூட் சான்றிதழ்கள்தான் இன்றைய பெரும்பாலான கணினிகளின் முதல் வாசலில் நிற்கின்றன. அவற்றில் இரண்டு 2026 ஜூனிலும் மூன்றாவது அக்டோபரிலும் காலாவதி. புதுச் சான்றிதழ் ஏறாத இயந்திரம் உடனே நின்றுவிடாது. ஆனால் அதன் முதல் வாசலுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்குப் பிறகு அதற்கு வந்து சேரா, புதுத் தடைப்பட்டியலும் சேராது. உங்கள் அலுவலகத்தில், சங்கத்தில், பள்ளியில் இருக்கும் பழைய கணினிகளின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரித்த நிறுவனம் அவற்றுக்கு ஃபர்ம்வேர் புதுப்பிப்பு தருகிறதா என்று பாருங்கள். பிட்லாக்கர் போட்டிருந்தால், புதுப்பிப்பைத் தொடுவதற்கு முன்பே அந்த 48 இலக்கத்தைக் காகிதத்தில் எழுதி, அந்தக் கணினியல்லாத வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள். எப்படிச் செய்வதென்று தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து காட்டித் தருகிறேன்.